பாகன் பேசிய ஒரு சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘சங்க இலக்கியத்தில் தேர்’ என்னும் பொருளில் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பில் வகுப்பறைக்கென்று நான் எழுதிவைத்த குறிப்புகள் இருபதாண்டுப் பழமையுடையவை. பாரி முல்லைக்கு ஈந்த தேர், நெய்தல் நிலத்து மணலில் ஆழப் பதிந்த தேர்த்தடம், கொடிஞ்சி, ஆழி, மணி என்று பகுத்துக் கூறினால் ஒரு மணி நேரம் எளிதாகக் கழிந்துவிடும். ஆனால் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் என் தம்பி ஒரு தேர் வாங்கினான். அதைப் பெற்றுவரக் குடும்பமாகச் சென்றோம். அந்தப் பயணத்துக்குப் பிறகு பழைய குறிப்புகளை என்னால் அப்படியே வாசிக்க இயலவில்லை. எனவே இரண்டையும் கலந்தே பேசுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

என் தந்தை அரசுப் பேருந்து ஓட்டுநராக 31 ஆண்டுகள் பணியாற்றியவர். முதலில் உசிலம்பட்டித் தடம், பின்னர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைத்தடம். தம்பி அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் கணினிப் பணியில் இருக்கிறான். அம்மா மறைந்த மறு ஆண்டு அப்பாவை அவனிடம் அழைத்துச் சென்றேன். அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர, பேசிக்கொண்டது குறைவு. அதன் காரணம் எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

தம்பி பத்தாம் வகுப்புப் படித்தபோது அப்பாவின் வண்டியில்தான் பள்ளிக்குச் செல்வான். ஓட்டுநர் இருக்கைக்கு அருகே எஞ்சின் மூடியின்மேல் ஆசிரியர்களும் காவலர்களும் உட்கார்ந்து வருவார்கள். அவனுக்கு அங்கே இடமில்லை. “வண்டிக்குள்ள நான் உனக்கு அப்பா இல்ல, டிரைவர்” என்பது அப்பாவின் சட்டம். அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை நாளன்று தம்பி தாமதமாக ஓடிவந்தான். வண்டி புறப்பட்டுவிட்டது. தான் ஓடிவருவதைப் பக்கக் கண்ணாடியில் அப்பா பார்த்தார் என்பதைத் தம்பியும் பார்த்தான். வண்டி நிற்கவில்லை. பரீட்சை போயிற்று. அதன்பின் அவன் அந்த வண்டியில் ஏறவே இல்லை. மிதிவண்டியில் 9 கிலோமீட்டர் போய்வந்தான்.

இப்போது தேருக்கு வருகிறேன். அவன் வாங்கியது கார்வெட் என்னும் பந்தய வகைக் கார். 1953இல் முதன்முதலாக 300 வண்டிகள் செய்தார்களாம், எல்லாமே வெள்ளை. 1981 முதல் இவ்வண்டி கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் என்னும் ஊரில் உருவாகிறது. தொழிற்சாலைக்கு அருகிலேயே 1994இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் ஒன்றுண்டு. விரும்பினால் வாங்குபவர் அங்கேயே வந்து தம் வண்டியைப் பெற்றுச் செல்லலாம். தம்பியும் வெள்ளையே கேட்டிருந்தான். “இவ்வளவு காசு கொடுத்து அம்பாசடர் கலர்ல வாங்கியிருக்கான்” என்று அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். விலை அறுபதாயிரம் டாலருக்கு மேல் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படியோ அறிந்துகொண்டு இரண்டு நாள் கணக்குப் போட்டார்.

விடியுமுன் ஐந்து பேரும் பெரிய வேனில் கிளம்பினோம்: தம்பி, அவன் மனைவி, பத்து வயது மகள், அப்பா, நான். பவுலிங் கிரீன் முந்நூறு மைலுக்குச் சற்று அதிகம். ஜார்ஜியாவை விட்டு டென்னசிக்குள் நுழைந்த சாலை, சட்டனூகாவைத் தாண்டியதும் சில மைல் மீண்டும் ஜார்ஜியாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. அங்கிருந்து சிறிது தொலைவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. முல்லைத் தலைவனுக்கு இப்படி ஒரு மணி நேரம் எதிர்பாராமல் கிடைத்திருந்தால் எத்தனை பாடல்கள் குறைந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். வழிநெடுக அப்பா பேசியது ஒன்றே: “லாரிக்காரன் இங்க ஹாரனே அடிக்க மாட்டேங்கிறான்.”

அருங்காட்சியகத்தில் மஞ்சள் நிறக் கூம்புவடிவ மண்டபம் ஒன்றிருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அன்று விடியற்காலையில் அதன் தளம் உடைந்து எட்டு வண்டிகள் பூமிக்குள் விழுந்தன. அப்பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல் நிலம். நீர் அரித்து அரித்து உள்ளே குகைகளாகிக் கிடக்கிறது. உலகில் அறியப்பட்டவற்றுள் மிக நீண்ட குகையான மாமத் குகை அருகில்தான் உள்ளது. விழுந்தவற்றுள் மூன்றைச் செப்பனிட்டார்கள். மற்றவற்றை நசுங்கியபடியே விட்டுவிட்டார்கள். அந்த நசுங்கிய வண்டிகளின் முன்தான் கூட்டம் மிகுதி. தம்பி இவ்வளவையும் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கிட்டு, “உள்ள ஆள் இருந்தாங்களா?” என்றார். யாரும் இல்லை, யாருக்கும் காயமில்லை என்றான். “சரி” என்று சொல்லி அடுத்த அறைக்கு நடந்தார். ஓட்டுநர்களின் அக்கறை வேறு, நமது அக்கறை வேறு.

வண்டியைப் பணியாளர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விளக்கினார். அப்பா குனிந்து கால்மிதிகளை எண்ணினார். இரண்டே இருந்தன. “கிளச் எங்கே?” என்றார். இல்லை, கியர் தானாகவே மாறும். வேண்டுமானால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள சிறு தகடுகளை விரலால் இழுத்து நாமும் மாற்றலாம் என்று தம்பி சொன்னான். எஞ்சின் எங்கே என்று அடுத்து கேட்டார். இருக்கைகளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அடியில் இருந்தது. முப்பத்தோராண்டுகள் எஞ்சினைத் தம் இடது முழங்காலுக்கு அருகே வைத்துக்கொண்டு ஓட்டியவர் அவர். அந்தக் காலில் வெயில் படாமலே கறுத்த ஒரு தடம் இன்றும் இருக்கிறது. கண்ணாடி வழியே எஞ்சினை நெடுநேரம் பார்த்தார்.

வந்தவர்கள் ஐவர், அந்த வண்டியில் இருக்கைகள் இரண்டு. தம்பியின் அருகே அவன் மனைவிதான் அமர்வாள் என்று நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். அவள் வேனின் சாவியை எடுத்துக்கொண்டு, “மாமா, நீங்க அதுல வாங்க. வேனை நான் ஓட்டுறேன்” என்றாள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய தரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்.

இங்கே பாடலுக்கு வருகிறேன். அகநானூற்றின் தொகுப்பு முறைப்படி நான்கில் முடியும் எண்ணுடையவை முல்லைப் பாடல்கள். வினை முடித்த தலைவன் தேரேறி மீளுதல் அவற்றுள் திரும்பத் திரும்ப வருவது. அப்படி மீள்பவன் இடைவழியில் தங்குவதில்லை, அவனிடம் பறவைபோல் விரையும் குதிரை உண்டு என்று தொல்காப்பியக் கற்பியல் காரணமும் கூறுகிறது. நான்காம் பாடலில் குறுங்குடி மருதனாரின் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் நெகிழ்வதுண்டு. ஆனால் அந்த நாவைக் கட்டிய கை யாருடையது? தலைவன் இறங்கியா கட்டியிருப்பான்? தலைவன் பாகனிடம் பேசுகிறான், பேசுகிறான், பாடல் முழுக்கப் பேசுகிறான். பெரும்பாலும் பாகன் வாய் திறப்பதில்லை. மணியின் நாவோடு அவன் நாவையும் சேர்த்துக் கட்டிவிட்டோம் போலும்.

நம் புதுக்கவிதையும் இதில் மேலானதன்று. நண்பர்கள் கோபிக்கக் கூடாது. இந்தப் பத்தாண்டுகளில் இவ்வரங்கில் பேருந்தின் சன்னலோர இருக்கை குறித்து எத்தனை கவிதைகள் கேட்டிருக்கிறேன்! ஓட்டுநர் வரும் இடங்களில் அவருடைய முதுகுதான் வருகிறது.

விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது 384ஆம் பாடல். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், பெண்பாற் புலவர். அங்கே தலைவன் வியந்து கேட்கிறான்: தேரில் ஏறியது தெரியும், வந்த வழி தெரியவில்லை, வீட்டு வாசலில் ‘இறங்குங்கள்’ என்று நீ சொன்னதும் திகைத்துப் போனேன், காற்றைப் பூட்டினாயா, உன் மனத்தையே குதிரையாக்கிப் பூட்டினாயா, சொல் என்கிறான். பாகன் வாயிலிருந்து நமக்குக் கிடைப்பது அந்த ஒற்றைச் சொல். அதுவும் தலைவன் எடுத்துச் சொல்லித்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்தில் கேட்கும் அதே சொல். ‘சொல்’ என்று தலைவன் கேட்டதற்கு அவன் என்ன விடை தந்தான் என்பது பாடலில் இல்லை. தலைவன் அவனைத் தழுவிக்கொண்டு வீட்டுக்குள் அழைத்துப் போகிறான். தலைவிக்கு விருந்தோம்பும் பேறு வாய்க்கிறது. பாகனையும் விருந்தினனாக உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு பெண் புலவருக்குத் தோன்றியிருக்கிறது.

திரும்பும் வழியில் நாங்கள் பின்னால் வேனில் வந்தோம். புதிய எஞ்சினை முதல் 500 மைல் வரை விரட்டக் கூடாது என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. எங்கள் வீடோ அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும். எனவே 495 குதிரை ஆற்றல் கொண்ட அந்தத் தேர் லாரிகளுக்கு வழிவிட்டபடி அடக்கமாகச் சென்றது. அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்புறம். ஆகவே அப்பா அமர்ந்திருந்தது வலப்புறம், அதாவது ஆயுள் முழுவதும் அவர் ஓட்டிய இடம். முன்னே வண்டி குறுக்கிட்டபோதெல்லாம் அவருடைய வலக்கால் இல்லாத பிரேக்கை அழுத்தியதாகத் தம்பி பின்னர் சொன்னான். அவ்வண்டியில் இருவருக்கும் நடுவே பொத்தான்கள் வரிசையாகப் பதித்த தடுப்பு ஒன்று சுவர்போல ஓடுகிறது. இரண்டு மணி நேரம் அந்தச் சுவர் சுவராகவே இருந்திருக்கிறது.

டென்னசியில் மான்டீகிள் என்னும் மலை இறக்கம் வரும். பிரேக் செயலிழந்த லாரிகள் ஏறி நிற்பதற்காகச் சாலையோரம் சரளை கொட்டிய மேட்டுப்பாதைகள் அமைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் ஏறக்குறைய எல்லா வண்டிகளின் பின்விளக்கும் சிவந்து சிவந்து அணைய, முன்னே சென்ற தம்பியின் வண்டி மட்டும் விளக்கெரியாமல் ஒரே சீராக இறங்கியது. என்னவோ கோளாறு என்று நான் அஞ்சினேன்.

நடந்ததை மறுநாள் காலை தம்பி சொன்னான். சரளைப் பாதையைக் கண்டதும் அப்பா, “இது எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். இவன் விளக்கியிருக்கிறான். “பிரேக்கை மிதிக்காதே. ஏறுன கியர்லதான் இறங்கணும். அந்தத் தகட்டை இழு” என்றிருக்கிறார். இழுத்திருக்கிறான். எஞ்சின் முனகி வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. சிறிது தூரம் போனபின், முன்னால் பார்த்தபடியே அப்பா சொன்னாராம்:

“அன்னைக்கு உன்னைக் கண்ணாடியில பார்த்தேன். உள்ள அறுபது பேரு. எம்பிள்ளைக்குன்னு நிறுத்த மனசு வரல. வளைவு வரைக்கும் ரெண்டாவது கியர்லயே போனேன். நீதான் ஓடுறத நிறுத்திட்டே.”

தம்பி என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, “அக்கா, எனக்கு அது தெரியாது. அன்னைக்கு வண்டி மெதுவாப் போச்சான்னு இப்ப எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல” என்றான்.

இழந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக்கொண்டு இரவில் வீடு சேர்ந்தோம். தம்பி சுற்றிவந்து வலப்புறக் கதவைத் திறந்து, “அப்பா, இறங்குங்க” என்றான். உயரத்திலிருந்து குதித்து இறங்கியே பழகிய மனிதர் அவர். தரையோடு தாழ்ந்த அந்த இருக்கையிலிருந்து எழ முழங்கால் இடங்கொடுக்கவில்லை. இருமுறை முயன்றார். தம்பி குனிந்து, இரு கைகளாலும் அவரைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். நின்ற பிறகும் கைகளை உடனே எடுக்கவில்லை.

வேனிலிருந்து இறங்கி ஓடிவந்த குழந்தை, “தாத்தா, வேகமாப் போனீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, மெதுவாத்தான் வந்தோம்” என்றார் அப்பா.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது தம்பி மனைவி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.