தண்ணீர் யாருக்குச் சொந்தம்?



ஒருவர் தம் நிலத்தில் கிணறு வெட்டலாம். அது அவர் உரிமை. ஆனால், நிலத்தடி நீருக்கு வேலி உண்டா? ஒருவர் அளவின்றி எடுத்தால் பக்கத்துக் கிணறு வற்றும்.

பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடா என்ற ஊர் உள்ளது. 2000-ஆம் ஆண்டு அங்கே கொக்கோ கோலா ஆலை வந்தது. ஆழ்துளைக் கிணறுகளில் நீர் எடுத்தது. தங்கள் கிணற்று நீர் குறைந்தது, கெட்டது என்று மக்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22-இல் போராட்டம் தொடங்கியது. பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னின்றார். 2003-இல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் காவலர் என்று 2003 டிசம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் வேறு விதமாகச் சொன்னார்கள். நிலத்துக்கு உரியவர் நியாயமான அளவு எடுக்கலாம் என்றார்கள். நாள் ஒன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அங்கே மீண்டும் உற்பத்தி செய்யும் எண்ணம் இல்லை என்று 2017-இல் நிறுவனம் கூறியது.

உரிமை வேண்டும். அதற்கு அளவும் வேண்டும். அந்த அளவை யார் முடிவு செய்வது? உங்கள் கிராம சபையில் இதைப் பேசுங்கள்.