எல்.எல்.ஆர். பரீட்சைக்குப் போகும்போது



நம்மில் பலர் வண்டி நல்லாவே ஓட்டுறோம். எல்.எல்.ஆர். பரீட்சையில் கேள்வி கேட்டால்தான் தடுமாற்றம். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் யாருக்கு வழி விடணும்? பெரிய வண்டிக்குன்னு சொல்லிடாதீங்க. வலது பக்கமிருந்து வர்றவருக்கு. குறுகலான மலைப்பாதையில், ஏறி வரும் வண்டிக்கு. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிஞ்சா, நின்னு பார்த்துட்டுத்தான் போகணும்.

எல்.எல்.ஆர். கைக்கு வந்ததுமே சிலர் குழுத் தோழியைப் பின்னாடி ஏத்திக்கிட்டு வங்கிக்குக் கிளம்பிடுறாங்க. அது கூடாது. லைசென்ஸ் உள்ளவர், ஓட்டக் கத்துக் கொடுக்கிறவர் மட்டும்தான் பின்னால உட்காரலாம். ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் பணத்துக்கே சிக்கல் வரும். தோழி வீட்டுக்கு என்ன பதில் சொல்றது? ஹெல்மெட்டும் ரெண்டு பேருக்குமே வேணும்.

எல்.எல்.ஆர். 6 மாசம்தான் செல்லும். 30 நாள் முடிஞ்சதும் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குத் தேதி வாங்கிடுங்க.