புகையானும் செய்திப் பரிமாற்றமும்
(மதுராந்தகம் வட்டார உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



சம்பாப் பயிரில் புகையான் தென்பட்டது என்று ஒருவர் சொன்னால் போதும். கைபேசி வழியே அச்செய்தி மதுராந்தகம் ஏரிப் பாசனத்திலிருந்து மாமல்லபுரம் பக்கத்து வயல்கள்வரை ஒரே நாளில் எட்டிவிடுகிறது. வயலில் இறங்கிப் பாராமலே மருந்தடிப்பவர்களும் உண்டு. செய்தி விரைந்து பரவுவது நல்லதுதானே என்று கேட்கலாம். எப்போதும் அப்படியல்ல.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் 3 செ.மீ. அகலமுள்ள சிறு ரோபோக்களைக் கூட்டமாக விட்டு, நல்ல இடமொன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். பிறகு அதைவிடச் சிறந்த இடம் புதிதாகக் கிடைக்கும்படி செய்தார்கள். தொலைவில் உள்ளவற்றோடும் செய்தி பரிமாறிய கூட்டம் பழைய முடிவிலேயே நின்றது. புதிய இடத்தைக் கண்ட சிலவற்றின் செய்தி, பலவற்றின் பழைய செய்தியில் அமுங்கிப்போயிற்று. அருகில் உள்ளவற்றோடு மட்டும் பரிமாறிய கூட்டமோ புதிய இடத்துக்கு மாறிக்கொண்டது.

நம் ஊரிலும் இதுவே நடக்கிறது. "எங்கும் புகையான்" என்ற பேச்சுக்கிடையே, "என் வயலில் பூச்சி குறைவு, சிலந்தி நிறைய" என்பவர் சொல் எடுபடுவதில்லை. அவசரப்பட்டுச் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால் நன்மை செய்யும் சிலந்திகள் மடியும். புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும். மருந்துச் செலவும் வீண், மகசூலும் குறையும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பயிரின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

2. தூருக்கு 1 பூச்சி இருந்தால்தான் மருந்து தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 பூச்சி வரும்வரை பொறுக்கலாம்.

3. அந்த அளவை எட்டினால் தண்ணீரை வடித்துவிட்டு, வேளாண்மை அலுவலர் பரிந்துரைக்கும் மருந்தைத் தூரின் அடியில் படும்படி தெளியுங்கள்.

4. பார்த்ததை முதலில் அடுத்த வரப்புக்காரரிடம் சொல்லுங்கள். எந்த வயல், எந்த நாள், தூருக்கு எத்தனை என்று கணக்கோடு சொல்லுங்கள். காதில் கேட்டதை மட்டும் பரப்பாதீர்கள்.

5. அடுத்த நடவில் 2.5 மீட்டருக்கு ஒருமுறை 30 செ.மீ. பட்டம் விடுங்கள். தழைச்சத்தை அளவுக்கு மேல் இடாதீர்கள்.

எல்லாச் செய்தியையும் இப்படி நிறுத்தி வைக்கக் கூடாது. மதுராந்தகம் ஏரி நிறைந்து உபரி நீர் கிளியாற்றில் இறங்கினால், கரையோர மக்கள் அனைவருக்கும் அது உடனே தெரியவேண்டும். எலி ஒழிப்பு நாளும் அப்படியே; ஊரே சேர்ந்து செய்தால்தான் பலன் உண்டு. ஆனால் பூச்சியின் அளவு வயலுக்கு வயல் மாறும். அதை அவரவர் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.