துடுப்பும் இயர்போனும்

தகப்பனாரின் வெற்றிலைத் தோட்ட வருமானத்தில் விலையுயர்ந்த இயர்போன் வாங்கிய என் மாணவன், "நண்பனுடையதே திறம் சேர், இதில் மந்தர ஒலியே இல்லை" என்று கலங்கினான். வாங்கிப் பார்த்தேன். றப்பர் நுனி அவன் செவித்துளையை அடைக்கவில்லை. பெரிய நுனியை மாற்றியதும் மிருதங்கத்தின் தொப்பி முழங்கியது.

1848இல் நமது வாவியில் பாடுமீனைக் கேட்ட எமர்சன் ரெனன்ற், உச்சமும் மந்தரமும் கலந்த ஒலிகளைப் பிரித்துணர்ந்தார். தோணி மரத்தில் செவியை வைத்ததும் ஒலி பெருகிற்று என்றும் எழுதினார். நீருள் எழும் ஒலி காற்றுக்குள் எளிதில் ஏறாது; மரமே ஏந்திவரும். கல்லடியில் நம்மவர் துடுப்பை நீரில் ஊன்றி, அதில் காதை வைத்ததும் இதற்காகவே.

தீர்ப்புக் கூறுமுன் செவி சேர்ந்ததா என்று பாருங்கள். கருவிக்கு மட்டுமல்ல, கவிதைக்கும் மனிதருக்கும் இதுவே பொருந்தும்.