குளத்து நீரும் குடியாட்சியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடியாட்சி பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தார்கள். பல்கலைக்கழகத்தில் நாலு நூல்களைப் புரட்டிய துணிவினால், ஏதென்ஸ் நகரத்திலிருந்து தொடங்கலாம் என்றே முதலில் எண்ணினோம். பின்னர் இரணைமடுவிலிருந்து தொடங்குவதே முறையெனப் பட்டது. ஏதென்ஸை நாம் கண்டதில்லை. இரணைமடுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள் நாம்.

இந்நாட்டில் 1931 இல், ஆண் பெண் என்ற பேதமின்றி, 21 வயதினருக்கு வாக்குரிமை வந்தது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதிலும் தடை இருந்தமையை மறத்தல் ஆகாது. 1959 இல் வயதெல்லை 18 ஆயிற்று. ஆயினும் வாக்குச் சாவடிக்கு நாம் போவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. மற்றை நாட்களில் குடியாட்சி எங்கே குடியிருக்கின்றது?

1902 இல் தொடங்கி 1920 இல் கட்டி முடிக்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் கீழ் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல் உண்டு. காலபோகத்திற்கு மழை துணை நிற்கும். சிறுபோகத்திலோ குளத்து நீரே கதி. அது எல்லா வயலுக்கும் போதாது. ஆகவே கிளிநொச்சியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. அரசாங்க அதிபர், நீர்ப்பாசன அதிகாரிகள், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள், மண்வெட்டி பிடித்த கையோடு வந்த கமக்காரர் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருப்பர். குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், துருசு எந்நாள் திறப்பது, விதைப்பு எந்நாளில் முடிய வேண்டும், கால்நடைகளை எப்போது அகற்றுவது என்பனவெல்லாம் அங்கே வாதாடித் தீர்மானிக்கப்படும். சத்தம் பெரிதாகத்தான் இருக்கும். பாராளுமன்றத்தைவிட மோசமில்லை.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபோகத்தில், வகுத்த பங்குக்கு மேல் விதைப்பதில்லை என்ற தீர்மானத்திற்கு எங்கள் வீட்டாரும் கை உயர்த்தினர். அப்பரோடு நாமும் அங்கிருந்தோம். ஆனால் வயலில் அரை ஏக்கர் கூடவே விதைத்தோம். முறை இல்லாத இரவுகளில் வாய்க்காலை வெட்டி நீர் பாய்ச்சினோம். டோர்ச் லைட் பிடித்தது நாமே. அரை ஏக்கர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். வாய்க்காலின் கடைக்கோடியில் ஒரு பெரியவரின் வயல் குடலைப் பருவத்தில் நீரின்றி வாடியது. அறுத்தபோது பாதி சப்பி.

நாம் படித்தது மிஷன் பாடசாலை. இரவு படுக்குமுன் அன்றைய செய்கைகளை மனத்தில் நிறுத்தி ஆராயும்படி அங்கே பழக்கினர். வீட்டிலோ அம்மாச்சி, திருநீறு பூசிக் கண்ணை மூடியிருக்கையில் வேறொன்றும் செய்யவில்லை என்பதைப் பிற்பாடு உணர்ந்தோம். அந்தப் போகம் முழுவதும் நாம் அப்பழக்கத்தைக் கைவிட்டிருந்தோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதிகாரிகளைக் கேள்வி கேட்பது நமது உரிமை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கொரு கருவி. முல்லைத்தீவுக் கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்பு மக்கள், பெரும்பாலும் தாய்மார், 2017 ஜனவரி 31 இல் விமானப்படை முகாமின் முன் அமர்ந்து, வெயிலும் பனியும் பாராது, மார்ச் 1 இல் தம் காணிக்குள் கால் வைத்தனர். நாம் அவர்களை மெச்சினோம், முகநூலிலும் எழுதினோம். எழுதிய அதே கைதான் டோர்ச் லைட்டையும் பிடித்தது. காணியை எடுத்தவனைத் தட்டிக் கேட்க நமக்கு நா எழுகின்றது. அயலவனின் நீரை எடுத்த நம்மை யார் கேட்பது?

சென்ற ஆண்டு அந்தப் பெரியவரிடம் போய் உண்மையைச் சொன்னோம். அவர் வெற்றிலையை மென்றபடி இருந்தார்.

"தெரியும் தம்பி. அப்பவே தெரியும். கூட்டத்தில எழும்பிக் கேட்டிருப்பன். ஆனா, இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருசம் உங்கட அப்பர்தான் எனக்கு விதைநெல் தந்தவர்."

இதைக் கேட்டு அதிக நேரம் வாய் திறக்க முடியவில்லை. நமது கூட்டங்களில் மௌனமாய் இருப்போரெல்லாம் அறியாதவர் என்று நினைத்திருந்தோம். நன்றிக்கடனும் உறவும் எத்தனை பேரின் வாயைக் கட்டிவைத்திருக்கின்றன! அப்படியானால், கேட்க முடியாதவனைக் கேட்க வைக்கும் பொறுப்பு யாருடையது? பிழை செய்தவனே முந்திக்கொண்டு எழும்ப வேண்டும் என்பது எமது கருத்து. பெரியோர் சிலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும். குடும்பத்து மானம் என்பார்கள்.

இம்முறை எங்கள் வாய்க்கால் கமக்காரர் கூட்டத்தில் அப்பரின் சம்மதத்தோடு எழுந்து, "ஐயாமாரே, நாங்கள் அரை ஏக்கர் கூட விதைத்தோம், அதை இந்தப் போகத்துப் பங்கில் கழித்துவிடுங்கள்" என்றோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின் வாங்கிலிருந்து ஒருவர் தாமும் கால் ஏக்கர் என்றார். அடுத்து, ஒவ்வொருவரும் விதைத்த அளவைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டுமென்ற பிரேரணை வந்தது. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் நிறைவேறியது. வாசிக்கும் வேலையை அந்தப் பெரியவரிடமே கொடுத்திருக்கின்றார்கள். கண்ணாடி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.