ஏற்றத்தில் வேண்டும் பொறுமை



பெரகலையில் வாழும் எங்களுக்கு இறக்கம் என்றால்தான் பயம். ஹல்துமுல்லைப் பக்கம் பஸ் வளைந்து இறங்கும்போது ‘முருகா’ என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் உண்டு. ஆழ்கடலில் இறங்குபவர்களுக்கோ ஏற்றமே ஆபத்து.

இதை எனக்கு விளக்கியவர், கனடாவின் மேற்குக் கரையில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர். அங்கே நனைமோ நகருக்கு அருகே, சேவை முடிந்த ‘சஸ்கச்சுவான்’ என்ற போர்க்கப்பலை 1997 ஜூன் 14ஆம் திகதி வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். எண்ணெயையும் நச்சுப் பொருள்களையும் அகற்றி, சுழியோடிகள் புகுந்து வெளியேற வழிகள் வெட்டிய பிறகே அதைக் கடலுக்குக் கொடுத்தார்கள். இன்று அதன் இரும்புமேல் கடற்சாமந்திகள் படர்ந்திருக்கின்றன. அறைகளில் மீன்கள் குடியிருக்கின்றன.

அந்தக் கடல் நமது கீழைக் கடலைப் போன்றதல்ல. குளிர்ந்த நீர், உடற்சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகக் கவர்ந்துவிடும். நீர் புகாத உடைக்குள் கம்பளி அணிந்தே இறங்குகிறார்கள். விரல் விறைத்தால் கைவிளக்கும் நழுவிவிடும்.

30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் 4 மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடலில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலைப்போல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி வரலாம், கால்கள் முடங்கலாம், உயிரே போகலாம். ஆகவே நிமிடத்துக்கு 9 மீற்றர் அளவிலேயே ஏறுகிறார்கள். 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடமாவது நிற்கிறார்கள். மேலே படகு தெரிகிறது, உடல் நடுங்குகிறது. ஆனால் குளிர்ந்த உடலிலிருந்து அந்த வாயு மெதுவாகவே வெளியேறும். வெளியேறத் துடிக்கும் வேளையில்தான் கூடுதலாகப் பொறுக்க வேண்டும்.

மூழ்கி முத்தெடுத்தவனைப் புகழ்வது நம் வழக்கம். அவன் கரையேறிய விதத்தையும் கேட்க வேண்டாமா?

பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை தொலைவில் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி அங்கே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதைந்தன. உறவுகளை இழந்தவர்களிடம், “போனதை மறந்து எழுந்து வாருங்கள்” என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆழத்தில் இருந்தவரை ஒரே இழுப்பில் மேலே இழுக்கலாகாது. இடையில் நின்று மூச்சுவிட அவருக்கு நேரம் வேண்டும். அதுவரை பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தனியே இறங்குவதில்லை, தனியே ஏறுவதுமில்லை என்பது சுழியோடிகள் காக்கும் வழக்கம். எழுத்து அந்தப் பக்கத்துத் துணையாக நின்றால், அதுவே அதன் பெரும் பணி.