பேசும் வழியும் நம் கையில் இருக்கட்டும்



2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கம் வாட்ஸ்அப்பைத் தடுத்தது. கமக்காரரும் வைத்தியரும் ஒருங்கே தொடர்பிழந்து நின்றனர். வாசல் ஒன்றேயாயின் பூட்டும் ஒன்றே போதும்!

2014இல் தோன்றிய மேட்ரிக்ஸ் என்னும் திறந்த நெறிமுறையில் அந்நிலை இல்லை. வழங்கி எனும் கணினியை எவரும் நிறுவலாம். தபாற் கந்தோர்கள்போல் அவை தம்முள் செய்தி பரிமாறும். பிரெஞ்சு அரசே தன் உத்தியோகத்தருக்காக 2019இல் இதனை ஏற்றது.

தொடக்கம் எளிது. எலிமென்ட் செயலியை நிறுவுவோம். நம்பத்தக்க வழங்கியில் கணக்குத் திறப்போம். மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பேணுவோம். பின்னர் நம் கூட்டுறவுச் சங்கங்கள் சொந்த வழங்கி நிறுவட்டும். இணையமே அறுந்தால் இதுவும் ஓயும். ஆயினும் ஒரு கம்பெனியைப் பூட்டி நம் அனைவரையும் ஊமையாக்க இயலாது.

உரிமை கேட்கும் மக்கள், பேசும் வழியையும் தம் கையில் வைத்திருத்தல் வேண்டும்!